எஞ்சிய ஈரத்தில் விளையும் உளுந்து

காவிரி பாயும் சோழநாட்டைச் சோற்று வளத்தால் சிறப்பித்துக் கூறுவது தமிழ்ப் புலவர் மரபு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் வயல்களைக் காண்போர், அங்கு நெல்லைத் தவிர வேறொன்றும் விளையாது என்றே எண்ணுவர். ஆயினும், சம்பாக் கதிர் அறுபட்டுக் களம் சேர்ந்த பின்னர் அவ்வயல்களை உற்று நோக்கினால் வேறொரு காட்சி புலனாகும். நெல்லின் தாள்களுக்கிடையே, மும்மூன்று சிற்றிலைகளாக விரிந்த இலைகளுடன் சிறு செடிகள் தலைதூக்கி நிற்கும். அவையே உளுந்தும் பச்சைப்பயறும் ஆகும். மழை ஓய்ந்து, வாய்க்காலும் வற்றிய காலத்தில், மண்ணில் எஞ்சிய ஈரத்தையே பெரிதும் நம்பி அவை வளர்கின்றன, பூக்கின்றன, காய்க்கின்றன, கோடை முற்றுமுன் பயன் தந்துவிடுகின்றன.

தேங்கிய நீரில் வாழும் நெல்லுக்கும், பாய்ச்சும் நீரின்றி வாழும் உளுந்துக்கும் ஒரே வயல் இடந்தருவது வியப்பன்றோ? அவ்வியப்பின் காரணம் செடியின் வேரிலும் இலையிலும் உயிரணுக்களிலும் அமைந்து கிடக்கின்றது.

உளுந்து தமிழர்க்குப் புதியதன்று. பழைய நூல்களில் இச்சொல் 'உழுந்து' என்று வழங்கும். அகநானூற்றின் 86ஆம் பாட்டு ஒரு திருமணத்தை விரித்துரைக்கின்றது. அத்திருமண விருந்திலும் உழுந்து சேர்ந்த உணவு இடம் பெறுகின்றது. இக்காலத்தில் இட்டலி, தோசை, வடை முதலியன உளுந்தின்றி அமையா. சுவையினும் சத்தே பெரிது. நூறு கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 கிராம் அளவே உண்டு; நூறு கிராம் உளுந்திலோ ஏறத்தாழ 24 கிராம் உண்டு. அரிசியுண்ணும் நாட்டில் அரிசியின் குறையை நிரப்பும் பயிர் அதே வயலிலேயே விளைவது பெரும்பேறு எனலாம்.

இப்பயிரை விதைக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. வழக்கமாக, அவ்வணை பாசனத்திற்காக ஜூன் 12ஆம் நாளில் திறக்கப்பட்டு, சனவரி 28ஆம் நாளில் மூடப்படும். அணை மூடிய பின்னர் வயலுக்குப் புதுநீர் இல்லை. ஆதலின், சம்பா நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கும்போதே, அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன்னர், நின்ற பயிரின் ஊடே உழவர் உளுந்தைத் தெளிப்பர். உழவில்லை, பார் பிடிப்பதில்லை, தனியே நீர் பாய்ச்சுவதும் இல்லை. வேண்டுவது ஒன்றே: மண் 'மெழுகுப் பதத்தில்' இருத்தல் வேண்டும். அழுத்தினால் மெழுகுபோல் வடிவங்கொள்ளுமாறும், நீர் தேங்காதவாறும் மண் இருக்கும் நிலையே மெழுகுப் பதம். மண் சேறாக இருப்பின் விதை அழுகும், காய்ந்திருப்பின் முளையாது. அறுப்பவர் நடமாடும்போது அவர்தம் காலடியில் சில விதைகள் மண்ணிற் பதியும். கதிர் அகன்று வெயில் படும்போது செடிகள் முளைத்து நிற்கும்.

இப்பயிருக்கு வரும் வறட்சி எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கோவில்பட்டிக் கரிசல் காட்டில் மானாவாரியாக விதைக்கும் பயறு, மழையையும் வெயிலையும் மாறிமாறிக் காணும். ஒரு வாரம் வாடினாலும் அடுத்த மழையில் தலைநிமிரும். டெல்டாவின் நெல் தரிசில் நிலைமை வேறு. விதைக்கும் நாளில் மண்ணில் உள்ள ஈரமே பெரும்பாலும் அச்செடியின் வாழ்நாட் செல்வம். நாள்தோறும் அது குறையுமேயன்றிக் கூடாது. மாசியிலும் பங்குனியிலும் வெயிலோ நாள்தோறும் ஏறும். இங்ஙனம் செல்வம் குறையக் குறையச் செலவு பெருகும் வேளையிலேதான் செடி பூத்துக் காய்க்க வேண்டியிருக்கிறது. பயிரின் கடைசிப் பருவத்தில் வந்து தாக்கும் இதனை 'இறுதிக்கால வறட்சி' என்பர். வருவாய் நின்றுபோன ஒருவன், கைப்பொருளைக் கொண்டே குடும்பத்தைக் கரையேற்றுவதற்கு இஃது ஒப்பாகும்.

இவ்வறட்சியைச் செடிகள் எதிர்கொள்ளும் வழிகளைப் பயிர் அறிஞர் மூன்றாக வகுப்பர். தப்புதல், தவிர்த்தல், தாங்குதல் என்பன அவை. மூன்றும் மோனை அமைந்த சொற்கள் ஆதலின் நினைவிற்கொள்ளல் எளிது. வறட்சி முற்றுமுன் வாழ்க்கையை முடித்துக்கொள்ளுதல் தப்புதல். வெளியே வறட்சி இருப்பினும் உடலினுள் ஈரம் குறையாமற் காத்தல் தவிர்த்தல். உடலிலும் ஈரம் குறைந்தபோது கெடாமல் நிற்றல் தாங்குதல்.

இவற்றுள் தப்புதல், டெல்டாப் பயற்றுக்கு முதன்மையானது. நெல் தரிசுக்கென்று பெயர்பெற்ற 'ஆடுதுறை 3' என்னும் உளுந்து 70 முதல் 75 நாள்களில் முதிர்ந்துவிடும். இவ்வகை, கும்பகோணத்திற்கு அருகிலுள்ள ஆடுதுறையின் பெயரைத் தாங்கியது. அங்கு 1922ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையமே இன்று தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது. குறுகிய வாழ்நாள் உடைய பயிர், மண் முற்றும் காயுமுன் காய்களை முதிர்த்துக்கொள்கின்றது. காய்கள் ஏறத்தாழ ஒருங்கே முதிர்தலும் இங்குப் பயன்தரும் பண்பாகும். ஆனால், இதற்கும் ஒரு விலையுண்டு. வாழ்நாள் குறுகியதாயின் உணவு சமைக்கும் நாள்களும் குறைவு. ஆதலின் விளைச்சலுக்கும் ஓர் எல்லை ஏற்படுகின்றது.

தவிர்த்தல் என்பது வேரிலும் இலையிலும் நிகழ்வது. பயறு வகைச் செடிகளுக்கு ஆணிவேர் உண்டு. மேல்மண் காயுந்தோறும் அவ்வேர் கீழ்நோக்கிச் சென்று ஆழத்தில் உள்ள ஈரத்தைத் தேடும். ஐதராபாத்திற்கு அருகில் பட்டான்செருவில், வெப்பமண்டல வறள்நிலப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனம் ஒன்று 1972ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. அந்நிறுவனத்தின் கொண்டைக்கடலை ஆராய்ச்சியில் 'ஐ.சி.சி. 4958' என்னும் வகை புகழ்பெற்றது. இளமையிலேயே மிகுதியான வேரை விரைந்து விடுவது அதன் சிறப்பு. வறட்சியைத் தாங்கும் புதுவகைகளை உருவாக்குவதற்கு அதனைத் தாய்வகையாகப் பயன்படுத்தினர்.

எனினும், வேர் நீண்டிருந்தால் மட்டும் போதாது; மண்ணும் இடங்கொடுத்தல் வேண்டும். காவிரி டெல்டாவில் ஆண்டுதோறும் சேற்றுழவு செய்தமையால், மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய அடுக்கு ஒன்று அமைந்துவிடுகின்றது. ஈரம் உள்ளவரை அதில் வேர் ஒருவாறு நுழையும். காய்ந்துவிட்டாலோ அது கல்போல் ஆகும். களிமண் வெடித்து வேர்களையும் அறுத்துவிடும். அறுவடைக்கு முன்னரே விதைப்பதன் நுட்பம் இதனால் விளங்கும். விதை முளைக்க மட்டும் ஈரம் வேண்டும் என்பதன்று. மண் இறுகுமுன் வேர் கீழே சென்றுவிடல் வேண்டும் என்பதும் காரணமாம். பத்து நாள் முந்தி விதைத்த செடிக்கும் பத்து நாள் பிந்தி விதைத்த செடிக்கும் உள்ள வேற்றுமை, கண்ணுக்குத் தெரியாத மண்ணுக்குள் தொடங்குகின்றது.

இனி, இலையை நோக்குக. இலையின் தோலில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் எண்ணற்றவை உள்ளன. அவற்றிற்கு இலைத்துளைகள் என்று பெயர். கரியமில வாயு அவற்றின் வழியே உள்ளே புகுகின்றது. அவ்வாயுவையும் நீரையும் கொண்டு கதிரவன் ஒளியில் இலை உணவு சமைக்கின்றது. அத்துளைகளின் வழியேதான் நீரும் ஆவியாக வெளியேறுகின்றது. ஒவ்வொரு துளையின் இருமருங்கும் இரண்டு காப்பு உயிரணுக்கள் கதவுபோல் அமைந்துள்ளன. மண் காயத் தொடங்கியதும் செடியினுள் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் பெருகும். 1960களில் அறிஞர் கண்டறிந்த இப்பொருள் தூதுபோல் இலையை அடைந்து, கதவை மூடச் செய்கின்றது. நீர்ச் செலவு குறைகின்றது.

நீரைக் காப்பதற்குக் கதவை மூடினால், உணவுக்கு வேண்டிய வாயுவும் வாராது. உணவு வேண்டிக் கதவைத் திறந்தால் நீர் போய்விடும். எப்போதும் திறந்து வைக்கும் செடி, பூக்குமுன்னரே ஈரத்தைத் தீர்த்துவிட்டுக் காய்க்கும் பருவத்தில் கருகும். எப்போதும் மூடி வைக்கும் செடி உயிரோடிருக்கும். ஆனால் காய் பிடியாது. செட்டு வேறு, கருமித்தனம் வேறு. இளமையில் அளவாகச் செலவிட்டு, காய்கள் பருக்கும் நாள்களுக்கென ஓரளவு ஈரத்தை மிச்சம் வைக்கும் செடியே நெல் தரிசுக்கு ஏற்றது. இடையிடையே மழை பெறும் நிலத்திலோ, ஈரம் உள்ளபோது தாராளமாகச் செலவிடும் செடி மிகுதியாக விளையக்கூடும். ஆதலின், ஓர் இடத்தில் சிறந்ததாகிய பண்பு மற்றோர் இடத்தில் குறையாகவும் ஆகலாம்.

கதவை மூடாமலே நீரைச் சேமிக்கும் வழிகளும் செடிக்கு உண்டு. பயற்றிலைகளின் சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் சிறு புடைப்பு ஒன்று காணப்படும். அப்புடைப்பின் உயிரணுக்களில் நீர் ஏறியிறங்குவதால் சிற்றிலை அசையும். ஈரம் குறைந்த நாளில், நண்பகல் வெயில் உறைக்கும்போது, சிற்றிலைகள் தம் விளிம்பைக் கதிரவனுக்குக் காட்டித் திரும்பிக்கொள்ளும். அதனால் இலைமீது படும் வெப்பம் குறைகின்றது. காலையிலும் நண்பகலிலும் ஒரே செடியை உற்றுநோக்கும் மாணவர் இவ்வேறுபாட்டைத் தாமே கண்டறியலாம். இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு நீர் கசிவதைத் தடுக்கும். உளுந்துச் செடியில் அடர்ந்துள்ள மயிர்கள், உலர்ந்த காற்று இலைத்தோலை நேரே தீண்டாதவாறு காக்கும். தை மாசியில் இறங்கும் பனியும் காலைப் பொழுதில் இலையை நனைத்து, அதன் நீர்ச்செலவைச் சிறிது தள்ளிப்போடும்.

மூன்றாவதாகிய தாங்குதல் உயிரணுவினுள் நிகழ்வது. ஊறுகாய்க்கென அரிந்த மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் நீர் கசிந்து பெருகுவதைக் காணலாம். கரைபொருள் மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும் என்பது இயற்கை விதி. வறட்சியைத் தாங்கும் செடி இவ்விதியைத் தனக்குத் துணையாக்கிக்கொள்கின்றது. சர்க்கரைப் பொருள்கள், புரோலின் என்னும் அமினோ அமிலம், பொட்டாசியம் முதலியவற்றை அது தன் உயிரணுவினுள் சேர்த்துக்கொள்ளும். அதனால் உள்ளிருக்கும் நீர் எளிதில் வெளியேறாது. காயத் தொடங்கிய மண்ணிலிருந்தும் வேர் சிறிது நீரை ஈர்க்கும். துவரை இவ்வாற்றல் மிக்க பயிர் என்பர். இலைத்துளை மூடியிருக்கும்போது, பயன்படாத ஒளியாற்றலால் நச்சுத்தன்மை வாய்ந்த ஆக்சிசன் வடிவங்கள் இலைக்குள் தோன்றும். அவற்றை அடக்கும் நொதிகளைச் சுரத்தலும் தாங்குதலின்பாற்படும். இவற்றுக்கும் விலையுண்டு, காய்க்குச் செல்லவேண்டிய உணவில் ஒரு பங்கு இக்காவற்பணிக்குச் செலவாகின்றது.

பயறு வகைக்கே உரிய மற்றொரு துன்பமும் உண்டு. அவற்றின் வேர்களில் உள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. எல்ரீகல் என்னும் செருமானிய அறிஞர் 1886ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டார். நெல்லுக்குப்பின் பயறு விதைத்தால் மண் வளம்பெறும் என்று உழவர் பட்டறிவால் கண்டதற்குக் காரணம் இதுவே. ஆனால், அம்முடிச்சுகள் வறட்சிக்கு எளிதில் தளர்வன. இலை பச்சையாகத் தோன்றும்போதே வேர் முடிச்சின் பணி குன்றத் தொடங்கிவிடும். ஆதலின், ஈரம் குறையும்போது பயற்றுச் செடி நீர்ப்பசி, சத்துப்பசி என்னும் இரண்டனுக்கும் ஆளாகின்றது.

ஒரு செடி வறட்சியைத் தாங்குமா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்தல் இயலாது. அறிஞர் அதனை அளந்து காண்பர். இலையின் நீரளவைக் காணும் முறை எளியது. பறித்த இலையை உடனே நிறுத்துக்கொள்வர். பின் நீரில் மிதக்கவிட்டு, முற்றும் நீரேறிய பிறகு நிறுப்பர். இறுதியில் நன்கு உலர்த்தி நிறுப்பர். எடுத்துக்காட்டாக, அவ்வெடைகள் முறையே 8, 10, 2 கிராம் எனக் கொள்க. இலை கொள்ளக்கூடிய நீர் 8 கிராம். பறித்தபோது இருந்த நீர் 6 கிராம். எனவே, அவ்விலையின் நீர்நிலை நூற்றுக்கு 75 ஆகும். ஒரே வயலில், ஒரே நாளில், ஒருவகை 75 என்றும் மற்றொருவகை 60 என்றும் காட்டுமாயின், முன்னது ஈரத்தை நன்கு காத்தது என்று அறியலாம். இலையின் வெப்பநிலை, வேரின் ஆழம், புரோலினின் அளவு முதலியனவும் இங்ஙனம் அளக்கப்படும். புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் அமைந்துள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் தமிழ்நாட்டுக்கு ஏற்ற பயறு வகைகளை வெளியிட்டு வருகின்றது. எத்தனை அளவைகள் இருப்பினும், முடிவாக நோக்கத்தக்கது விளைந்த மணியே ஆகும். ஏனெனில், உயிர் பிழைத்தும் காய் தராத செடியால் உழவனுக்குப் பயனில்லை.

செடியின் ஆற்றலுக்கும் எல்லையுண்டு. 2012ஆம் ஆண்டில் மேட்டூர் அணை செப்டம்பர் 17ஆம் நாளிலும், 2016ஆம் ஆண்டில் செப்டம்பர் 20ஆம் நாளிலும்தான் திறக்கப்பட்டது. அணை பிந்தித் திறந்தால் சம்பா பிந்தும். சம்பா பிந்தினால் பயறு பிந்தும். பயறு பிந்தினால் அது பூக்கும் நாள் கடுங்கோடைக்குத் தள்ளப்படும். பூக்கும் பருவமே வறட்சிக்கு மிகவும் அஞ்சத்தக்க பருவம். அப்போது ஈரம் போதாதெனில் பூக்கள் உதிர்ந்துவிடும். 2016ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுப் பயறு ஆண்டு என அறிவித்திருந்தது. அவ்வாண்டிலேயே வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் அனைத்தும் வறட்சியால் தாக்குண்டவை என அரசு அறிவித்தது. நெல்லே வாடிய வயலில் பயற்றுக்கு எஞ்சும் ஈரம் ஏது?

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. கையால் அறுத்த காலத்தில், முளைத்த உளுந்துக்கு ஊறு மிகுதியாக இல்லை. அறுவடைப் பொறி வந்தபின், அதன் கனத்த சக்கரங்களின்கீழ் இளஞ்செடிகள் நசுங்குகின்றன. ஆதலின் பொறி சென்ற பின்னர் விதைப்பாரும் உளர். அதற்குள் மெழுகுப் பதம் கடந்துவிடுகின்றது. உழவர் ஒருவர்மீதும் குறை கூறுவதற்கில்லை. அறுக்க ஆள் கிடையாதபோது பொறியை நாடாமல் அவர் என் செய்வர்? உழாத மண்ணில் சிறு கோடு கீறி விதையை ஆழத்து ஈரத்தில் இடும் கருவிகள் இக்குறையை ஓரளவு போக்க வல்லன. பூக்கும் பருவத்திலும் அதற்குப் பதினைந்து நாள் கழித்தும், நூறு லிட்டர் நீருக்கு 2 கிலோ வீதம் டை அம்மோனியம் பாஸ்பேட்டை ஊறவைத்து, தெளிந்த கரைசலை இலைமீது தெளிக்குமாறு வேளாண்மைத் துறையினர் கூறுவர். காய்ந்த மண்ணில் வேர் சத்தை உறிஞ்ச இயலாதபோது, இலைவழியே ஊட்டும் முறை அது.

வேரும் இலையும் உயிரணுவும் செய்வன எல்லாம் உள்ள நீரைச் செம்மையாகச் செலவிடும் பணிகளே. இல்லாத நீரை அவை உண்டாக்கமாட்டா. ஒரு துளியும் புதிதாகப் பெறாத வயலில் எத்தகைய செடியும் விளையாது. ஈரம் இருந்தும் காலம் தவறினால் நல்ல விதையும் வீணாகும். நதி நீர் உரிய காலத்தில் வருதல், விதை பதமறிந்து விழுதல், செடி அளவறிந்து செலவிடுதல் ஆகிய மூன்றும் கூடிய ஆண்டில், நெல் அறுத்த தாளடியில் மற்றொரு விளைவும் உழவனுக்குக் கிடைக்கின்றது. அதனால் வீட்டிற்குப் பருப்பும், கைக்குச் சிறிது பொருளும், அடுத்த நெல்லுக்கு வளமும் சேர்கின்றன. அவ்விளைவு வயல் மண்ணின் கடைசி ஈரத்திலிருந்து பெறப்பட்டது என்பதை அறிந்தவர், ஒரு பிடி உளுந்தையும் எளிதாகக் கருதார்.